மோதிரத்துக்குள் இரண்டு பேர்

ஒரு மோதிரத்தைப் படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம் என்றார் போட்டோகிராபர். ஐம்பது நிமிடம் ஆனது.

தென்காசியில் என் நண்பர் செல்வராஜின் மகள் ஜெபாவுக்குப் போன மாதம் கல்யாணம். பத்து மணிக்கு அடுத்த தெரு சர்ச்சில் ஆராதனை. ஒன்பது மணிக்கு போட்டோகிராபர் பெண் வீட்டுக்கு வந்து, ஜெபாவின் அம்மா எஸ்தரிடம் கை நீட்டினார்.

"அம்மா, மாப்பிள்ளைக்குப் போடுத மோதிரத்தக் குடுங்க. ஒரு க்ளோசப் எடுத்துட்டுத் தாரேன்."

கொடுத்தார். பட்டையான தங்க மோதிரம். கண்ணாடி மாதிரி பாலிஷ்.

அதை மேஜையில் வைத்து எடுத்தால் பழைய ஸ்டைலாம். தட்டிலிருந்த மங்குஸ்தான் பழம் ஒன்றை எடுத்தார். "குற்றாலம் சீசன்லா... லோக்கல் டச் வேணும்லா!" பழத்தின் மேல் மோதிரம் நிற்கவில்லை. உருண்டது. உடனே ஒரு சொட்டு இன்ஸ்டன்ட் பசை வைத்து ஒட்டிவிட்டார். "தட்டுனா வந்துரும் சார்" என்றார், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம்.

பிறகு லைட். முதலில் ஒன்று. மோதிரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, மற்றதெல்லாம் கறுப்பு. இரண்டாவது லைட். இரண்டு புள்ளி. மூன்றாவதாக வட்ட லைட் — புள்ளிகளோடு ஒரு வளையம். தங்கம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஏன் என்று அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை. அவர் போட்டிருந்தது கறுப்பு டீ-ஷர்ட்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். கூட்டம் கவனிக்கவில்லையா? இன்னொரு ஸ்பீக்கர் கட்டு. படம் வரவில்லையா? இன்னொரு லைட் போடு.

பளபளக்கும் பொருளுக்குச் சொந்த முகம் கிடையாது. எதிரில் நிற்பதைத்தான் அது காட்டும். எனவே வெளிச்சத்தைப் பொருளின் மேல் அடிக்கக் கூடாது. அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அதன் மேல் அடிக்க வேண்டும். பத்திரிகை போட்டோகிராபராக இருந்த நாட்களில், போலீஸ் ஸ்டேஷனில் மீட்கப்பட்ட நகைகளை இப்படித்தான் எடுப்பேன். சுற்றிலும் வெள்ளைத் தாளை வளைத்து நிறுத்தி, தாளின் மேல் டார்ச் அடித்தால் போதும். தங்கம் தங்கமாகத் தெரியும். செலவு? நாலு தாள்.

இதெல்லாம் மூன்று லைட் வாங்கியவருக்கு எதற்கு?

ஒன்பது ஐம்பதுக்கு வாசலில் கார் ஹாரன். போட்டோகிராபர் மோதிரத்தைத் தட்டினார். வரவில்லை. இழுத்தார். பழம்தான் கூட வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் சர்ச்சில் வந்து உட்கார்ந்தாயிற்று. மோதிரம் இல்லாமல் பெண் போய் நின்றால் என்ன பேசுவார்கள்?

எஸ்தர் ஓடி வந்தார். ஒரு கணம் பார்த்தார்.

"ஏலே, என்னலே இது? மோதிரத்துல பழம் காய்ச்சுக் கெடக்கு!"

"இப்ப வந்துரும்மா..."

"எப்ப? பேரன் பேத்தி எடுத்த பொறவா?"

உள்ளேயிருந்து ஜெபா குரல் கொடுத்தாள்: "எம்மா, மோதிரம் எங்க?"

"பழத்துல இருக்குட்டீ!"

அலங்காரம் செய்ய வந்த பெண்தான் பெட்டியைத் திறந்து, பசையைக் கரைக்க நெயில் பாலிஷ் ரிமூவரை நீட்டினார். எஸ்தர் மோதிரத்தைத் தோலோடு அறுத்தெடுத்தார். ரிமூவரை ஊற்றி, நகத்தால் சுரண்டி, முந்தானையில் துடைத்தார். பட்டு முந்தானையில் ஊதாக் கறை. பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கார் கிளம்பியது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது ஆல்பம் வந்தது. முதல் பக்கம் முழுக்க அந்த மோதிரம்தான். எஸ்தர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். மோதிரம் மங்கல். கேமரா அதை விட்டுவிட்டு, அதற்குள் தெரிந்த பிம்பத்தைப் பிடித்திருந்தது. குனிந்தபடி போட்டோகிராபர். அவருக்குப் பின்னால் கைகட்டி நிற்கும் இன்னொருவர்.

எஸ்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது நீங்கள்லா? அம்பது நிமிசமும் அங்கனதான் நின்னியளா?"

"நின்னேன்."

"இந்த வேலை தெரிஞ்ச ஆளு. ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

நான் மறுபடியும் படத்தைப் பார்த்தேன். அதில் துல்லியமாக ஃபோகஸ் ஆகியிருந்தது ஒன்றே ஒன்றுதான்... என் சிரிப்பு.