ஒரு ஓட்டுக்கு இரண்டு வெற்றிலை

பட்டம் வாங்கிய பிறகு உனக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வரும். அறுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் படித்து பி.ஏ. வாங்கினேன். வாங்கிய கையோடு கல்யாணம். புகுந்த வீடு செஞ்சியில். மாமனார் கடலை மண்டி வைத்திருந்தார். வல்லம், அவலூர்பேட்டைப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வேர்க்கடலை மூட்டை வந்து இறங்கும். வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் கிளார்க். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக அந்த வீட்டில் இரண்டு ஆம்பிளைகள், நான், என் பட்டம்.

என் பட்டத்தால் அந்த வீட்டுக்கு என்ன லாபம் என்று மாமனார் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். செஞ்சிக் கோட்டையைப் பார்க்க ஜில்லாத் தலைநகரிலிருந்து எந்த ஆபீசர் குடும்பத்தோடு வந்தாலும், "எங்க மருமக சரித்திரம் படிச்சது, அது வந்து எல்லாம் சொல்லும்" என்று வாக்குக் கொடுத்துவிடுவார். அடுப்பில் குழம்பு கொதிக்கும். ஆள் வந்து வாசலில் நிற்பான். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த வெயிலில் ராஜகிரி மலை ஏற வேண்டும். ஆபீசர் சம்சாரம் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு, "குரங்கு கடிக்குமா?" என்று கேட்பாள். அவள் அத்தனை நேரத்தில் என்னிடம் கேட்ட சரித்திரக் கேள்வி அது ஒன்றுதான்.

ஊர்க்காரர்கள் இன்னொரு பக்கம். பையன் பி.யு.சி. எழுதியிருக்கிறான், பேப்பர் திருத்துகிறவரிடம் சொல்லக்கூடாதா? பெண்ணுக்கு ஹாஸ்டலில் இடம் வேண்டும், ஒரு வார்த்தை போடக்கூடாதா? பல்கலைக்கழகம் ஏதோ என் அம்மா வீடு மாதிரியும், நான் போய் நின்றால் காலுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள் என்பது மாதிரியும் பேசுவார்கள். இல்லை என்று சொன்னால், "படிச்ச திமிரு" என்பார்கள். நான் யாரிடம் போய்ச் சொல்ல?

உண்மையில் எனக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மிச்சமிருந்த தொடர்பு ஒன்றே ஒன்று. எனக்கு அங்கே ஓர் ஓட்டு இருந்தது. பட்டதாரிகள் பெயரைப் பதிவு செய்துகொண்டால் பல்கலைக்கழகத்தை நடத்துகிற செனட் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கலாம். ஓட்டுச் சீட்டு தபாலில் வரும். அதில் 1, 2, 3 என்று நம் விருப்பப்படி நம்பர் போட்டு, இது நான் போட்ட ஓட்டுதான் என்று கையெழுத்துப் போட்ட உறுதித்தாளோடு திருப்பி அனுப்ப வேண்டும். இதை எங்களுக்குச் சொன்னது எங்கள் சரித்திரப் பேராசிரியை. மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். கடைசி வகுப்பு நாளில், "பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அடுப்படிக்குள்ளே போய்விடாதீர்கள். பதிவு பண்ணுங்கள். அங்கே உங்கள் குரலுக்கு ஓர் இடம் இருக்கிறது" என்றார். பட்டம் கைக்கு வந்த அன்றைக்கே பதிவு செய்தேன்; கல்யாணமானதும் செஞ்சி விலாசத்தையும் எழுதிப் போட்டேன். சட்டம் போட்டு மாட்டவும் இல்லை, ஆனால் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

செஞ்சியில் ஒரு நூலகம் இருந்தது. தினப் பேப்பரும் துப்பறியும் கதையும் கிடைக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு நல்ல சரித்திரப் புத்தகத்தை நான் கையால் தொடவில்லை. வாசலில் நின்றால் கோட்டை தெரிகிறது, அதைப் பற்றிப் படிக்க ஒரு பக்கம் கிடையாது. இப்படி இருக்கும்போதுதான் கூடப் படித்தவள் ஒருத்தி எழுதினாள்: மிஸ் செனட்டுக்கு நிற்கிறார். சின்ன ஊர்களில் இருக்கும் பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து தபாலில் புத்தகம் அனுப்ப வேண்டும் என்று சபையில் கேட்கப் போகிறாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அந்த ஓட்டை அவருக்குப் போட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

இது ஒரு பெரிய ஆசையா, சொல்லுங்கள்?

முதலில் வந்தது ஒரு வக்கீல். அம்பாசடர் காரில், இரண்டு ஆட்களோடு வந்தார். அவரும் செனட்டுக்கு நிற்கிறார். ஓட்டர் பட்டியலில் என் பெயரைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார், ஆனால் என்னைப் பார்க்க வரவில்லை. கூடத்தில் மாமனார் எதிரில் உட்கார்ந்து, கடலை விலை பேசி, மழை பேசி, தட்டில் ஆப்பிளும் வெற்றிலை பாக்கும் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். மாமனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். வக்கீல் நிமிர்ந்து, "சர்க்கரை கொஞ்சம் கம்மியா இருக்கலாம்மா" என்றார். ஓட்டுப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

கார் போனதும் கேட்டேன்.

"மாமா, அவரு எதுக்கு வந்தாரு?"

"உன் ஓட்டுக்குத்தாம்மா. குடுத்துட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"இன்னாம்மா கேக்கறது? நல்ல மனுஷன். நம்ம மண்டி கேசு அவருதான் பாக்கறாரு. வெத்தல கைநீட்டி வாங்கிட்டேன்."

எங்கள் மாமனாரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மண்டியில் எழுத்து கிழுத்து எதுவும் கிடையாது. வெற்றிலை மாறினால் பேச்சு முடிந்தது. மறுநாள் விலை ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, அவர் வாய் திறக்கமாட்டார். அதனால்தான் சனங்கள் அவரைத் தேடி வந்து மூட்டை இறக்கினார்கள். பஞ்சாயத்து எலெக்‌ஷன் வந்தாலும் இதே கதைதான். வீட்டுப் பெரியவர் வெற்றிலை வாங்கிவிட்டால் அந்த வீட்டு ஓட்டு முழுக்க அந்தப் பக்கம். தான் பி.ஏ. படித்தவரா, இந்த ஓட்டு தனக்கு உண்டா என்பதெல்லாம் அவர் நினைப்பிலேயே இல்லை. மருமகள் வீட்டில் இருக்கிறாள், மருமகளின் ஓட்டும் வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். அவர் முகமே சரியில்லை.

"நைனா, வெத்தல வாங்கிட்டியா? தாசில்தாரோட மச்சான் நிக்கிறாரு. தாசில்தாரே கூப்ட்டுக் கேட்டாரு. நான் சரின்னுட்டேன்."

"என்னைக் கேக்காம இன்னாடா சரின்னே?"

"நீ மட்டும் என்னைக் கேட்டியா?"

ஆரம்பித்தது பாருங்கள் கூத்து. அப்பனும் பிள்ளையும் கூடத்தில் நின்று கத்துகிறார்கள். இருவருக்கும் இல்லாத ஓட்டுக்காக! அந்த ஓட்டுக்கு உரியவள் தோசைக்கு அரைத்துக்கொண்டிருக்கிறாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாவுக் கையோடு வந்து, "நான் எங்க மிஸ்ஸுக்குப் போடப் போறேன்" என்றேன். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

கடைசியில் மாமனார்தான் வழி கண்டுபிடித்தார். சீட்டில் 1, 2 என்று நம்பர் போடலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார் போல. "அப்பறம் இன்னா? ஒண்ணு வக்கீலுக்கு, ரெண்டு தாசில்தார் மச்சானுக்கு. ரெண்டு வாக்கும் நின்னுடுது." இரண்டாம் நம்பருக்கு மதிப்பு உண்டா என்று என்னைக் கேட்டார்கள். அடடா, படித்தவளிடம் சந்தேகம் கேட்கிறார்களே என்று நானும், முதல் நம்பர் ஆள் தேறாவிட்டால் ஓட்டு இரண்டாம் நம்பருக்குப் போகும் என்று விளக்கமாகச் சொல்லித் தொலைத்தேன். ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்கள். "பாத்தியா, படிச்சது எப்டி சொல்லுது" என்று மாமனார் மகனிடம் பெருமைப்பட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஓட்டுச் சீட்டு வந்தது. எங்கள் வீட்டுத் தபால் எல்லாம் மண்டிக்குத்தான் போகும். மாமனாரைக் கேட்டபோது, "இரும்புப் பெட்டில பத்திரமா இருக்குது, எங்கயும் ஓடிடாது" என்றார். நாலைந்து தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் பத்திரமாக இருந்தது.

நான் மிஸ்ஸுக்கு எழுதியிருந்தேன். என் ஓட்டு உங்களுக்குத்தான், ஆனால் வீட்டில் தொல்லை என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே வந்து நின்றார். திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து, கூட்டத்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். வெள்ளைப் புடவையெல்லாம் செம்மண். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்கு எனக்காக வந்த முதல் விருந்தாளி. சொல்ல எவ்வளவோ இருந்தது.

"நல்லா இருக்கியாம்மா? இளைச்சுப் போயிட்டே" என்றார். என் பதிலுக்கு நிற்காமல், "மாமனார் இருக்காரா?" என்றார்.

உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு. எல்லாவற்றையும் அடுக்கி, மாமனார் எதிரில் நின்று, இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஐயா, உங்க வீட்டு ஓட்டை எனக்குத் தரணும்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வக்கீல் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். தாசில்தார் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். இவருமா? உங்கள் குரலுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று சொன்ன அதே வாய்!

மாமனார் தர்மசங்கடமாக நெளிந்தார். "அம்மா, நீங்க வாத்தியாரம்மா, உங்களுக்கு இல்லன்னு சொல்ல வாய் வரல. ஆனா வெத்தல முன்னாடியே கைமாறிடுச்சே."

"பரவாயில்லைங்க" என்று மிஸ் தட்டைப் பின்னால் இழுத்தார்.

"மிஸ்" என்றேன். "என்னைக் கேக்கவே இல்லையே நீங்க?"

அவர் திரும்பினார். "இந்தப் பக்கமெல்லாம் வீட்டுப் பெரியவரைத்தான் கேக்கணும்னு திண்டிவனத்துல சொன்னாங்கம்மா. நீயும் தொல்லைன்னு எழுதியிருந்தே. அதான்..."

"தொல்லைன்னுதான் எழுதினேன். என் ஓட்டு உங்களுக்குன்னும் எழுதினேன். அந்தத் தட்டை என்கிட்ட குடுங்க."

கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினேன். எங்கள் பக்கத்தில் மருமகள், அதுவும் மாமனார் எதிரில் நின்று, ஒரு பேச்சுக்கு வெற்றிலை வாங்குவது நடக்கிற காரியமில்லை. வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஒரு ஓட்டுக்கு ரெண்டு வெத்தலயா?" என்றார் மாமனார்.

"நீங்க வாங்கினது உங்க ஓட்டுக்கு மாமா. இது என் ஓட்டுக்கு. வெத்தல வாங்கியாச்சு. பெட்டியத் தெறந்து சீட்டைக் குடுங்க."

மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். மகனைப் பார்த்தார், மகன் தரையைப் பார்த்தார்.

"அது போன வாரமே போயிடுச்சேம்மா" என்றார். "ரெண்டு நம்பரும் போட்டு அனுப்சாச்சு. உனக்கு எதுக்கு வீண் கவலைன்னுதான் சொல்லல."

"என் கையெழுத்து?"

"இவன்தான் போட்டான். உன்னுது மாதிரியே இருந்துது."

தட்டு என் கையில் இருந்தது. வாங்கிய வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமும் இல்லை.

மிஸ்ஸை பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுபோய் விட்டேன். பஸ் ஏறும்போது, "உன்னைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்" என்றார். "ஆமாம் மிஸ், கேட்டிருக்கணும்" என்றேன். அவருக்கு எதிராக நான் பேசியது அன்றைக்குத்தான். பஸ் கிளம்பிப் போன பிறகு அங்கேயே நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் மாமனார் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வெத்தல வாங்கிட்டியேம்மா. இப்ப இன்னா பண்ணப் போற?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமனார் என்ற மரியாதைகூட நினைவில் இல்லை. "என்னைக் கேக்கறீங்களா? என் வாக்கைப் பொய்யாக்கினது நீங்க ரெண்டு பேரும். நீங்களே சொல்லுங்க, நான் இன்னா பண்ணணும்?" அன்றிரவு அவர் சோறும் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடாவிட்டால் போகட்டும் என்று பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். வீட்டுக்காரரோடு நெடுநாள் பேச்சில்லை.

வக்கீல் ஜெயித்தார். மிஸ் தோற்றார். தபாலில் புத்தகம் அனுப்புகிற பேச்சை அந்தச் சபையில் யாரும் எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வக்கீலின் ஆள் ஒரு பெரிய பெட்டி நிறைய லட்டோடு வந்தான். வாசலில் நின்றே, "ஐயா குடுத்தனுப்சாரு. உங்க வீட்டு ஓட்டுக்கு" என்றான். மாமனாருக்கு லட்டு என்றால் உயிர். நான் சமையலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இப்போது உள்ளே கூப்பிடுவார், காபி போடு என்பார்.

"எடுத்துனு போப்பா" என்று மாமனார் குரல் கேட்டது. "அது எங்க வீட்டு ஓட்டு இல்ல. என் மருமக ஓட்டு. அதுகிட்ட கேக்காம நாங்க போட்டுட்டோம். ஐயாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

ஆள் புரியாமல் நின்றான். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வார்த்தையை வக்கீல் வீட்டு ஆளிடம், தெருவே கேட்கச் சொல்லத் தெரிந்த மனுஷன், நாலு அடி உள்ளே வந்து என்னிடம் சொல்லியிருக்கலாம். சாகிற வரைக்கும் சொல்லவில்லை.