பட்டினி கிடந்த கூண்டுகள்

எலியக்கா என்று கேட்டால் அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் வழி காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூடத் திருதிருவென்று முழிப்பார். இத்தனை படித்ததற்குக் கிடைத்த பட்டம் இதுதான் என்று அவளே சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பாதி எரிச்சல்தான்.

செல்லின் உட்கருவுக்குள் சில ஏற்பிகள் உண்டு. ஏதாவதொரு ஹார்மோன் வந்து ஒட்டியதும் மரபணுக்களை முடுக்கிவிடும். எந்த ஹார்மோன் ஒட்டும் என்று யாருக்கும் தெரியாத ஏற்பியை அநாதை ஏற்பி என்பார்கள். அது எதற்காக இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முரட்டு வழி இருக்கிறது. அதற்கான மரபணுவையே வெட்டிவிட்டு, அது இல்லாமல் பிறக்கும் எலிக்கு என்ன கோளாறு வருகிறது என்று பார்ப்பது.

அவளும் வெட்டினாள். ஒரு கோளாறும் வரவில்லை. எலிகள் தின்றன, ஓடின, குட்டி போட்டன. எடை பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், ஈரலைச் சீவிப் பார்த்தாள். வருடங்கள்தான் ஓடின. ஊர் உலகத்தில் எல்லோரும் வளர்த்ததற்கு நோய் நொடி வரக்கூடாது என்று வேண்டுவார்கள். இவள் ஏதாவது வந்து தொலையாதா என்று வேண்டினாள்.

"நல்லா இருக்கிற எலியப் பாத்து அழுற ஒரே ஆளு நீதான்" என்று கணவர் கேலி செய்வார்.

பேராசிரியருக்குக் கேலி எல்லாம் கிடையாது. "ஒண்ணும் ஆகலன்னு கட்டுர எழுதினா எந்தப் பத்திரிகைம்மா போடும்? வருஷக் கடைசிக்குள்ள ஏதாவது காட்டு. இல்லன்னா கூண்டெல்லாம் வேற ஆளுக்குப் போயிடும்." கூண்டு போனால் வேலையும் போகும்.

அந்தச் சமயத்தில்தான் நீண்ட விடுமுறை ஒன்று வந்தது. கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர், அவள் அண்ணன் என்று கூப்பிடுபவர், தண்ணீர்க் குப்பிகளை நிரப்பினார். தீனியை மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனவர், காய்ச்சலில் சுருண்டு படுத்துவிட்டார்.

விடுமுறை முடிந்து அவள் கதவைத் திறந்தபோது ஒவ்வொரு கூண்டிலும் சில எலிகள் செத்துக் கிடந்தன. மற்றவை எலும்பும் தோலுமாக மூலையில் ஒடுங்கியிருந்தன. மரபணு வெட்டியதும் வெட்டாததும் ஒரே கூண்டில்தான் வளரும். வெட்டியதற்கு மட்டும் காதில் சின்னத் துளை. துளை போட்டதே அவள்தான். அன்று அவள் ஒரு காதைக்கூடப் பார்க்கவில்லை. பட்டினி கிடந்த எலி சோதனைக்கு உதவாது, மொத்தமாக அழித்துவிடுவதுதான் அங்கே வழக்கம். செத்ததோடு சாகாததையும் சேர்த்து அழித்தாள்.

"எழுந்திரிக்கவே முடியலம்மா, காய்ச்சல்" என்றார் அவர்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேண்ணா!" என்று கத்தினாள். கையோடு புகாரும் கொடுத்தாள். அவருக்கு வேலை போனது. வருடக் கடைசியில் அவளுக்கும் போனது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தும் வேலையில் சேர்ந்தாள்.

பிறகு ஒருநாள், எங்கோ இருக்கும் வேறொரு கூடத்தின் கட்டுரை கண்ணில் பட்டது. அதே ஏற்பி. அது இல்லாத எலி வயிறாரத் தின்னும்வரை ஜோராக இருக்குமாம். பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிச் செத்துப்போகுமாம். கூடப் பிறந்தவை மெலியுமே தவிரப் பிழைத்துக்கொள்ளுமாம். கட்டுரையை மறுபடி முதலிலிருந்து படித்தாள். அத்தனை வருடம் வேண்டிக் கிடந்தது கூண்டுக்குள் வந்து கிடந்திருக்கிறது. அவள்தான் அதைப் பையில் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

அதற்கப்புறம் ஒரு காலையில் அந்த அண்ணனே அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"நீங்களாம்மா? என்னாலதான் உங்களுக்கு இந்த நிலம. அந்த எலிங்கள நெனச்சா இன்னும் தூக்கம் வரமாட்டேங்குது. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

காதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்தது தன் தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதை விழுங்கிவிட்டு ஊசியைப் பிரித்தாள்.

"மன்னிச்சிட்டேண்ணா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றியோடு கையை நீட்டினார். அவள் நரம்பைத் தேடிக் குத்தி, ரத்தத்தை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்தாள்.

"அழுத்திப் புடிச்சுக்கோங்க" என்றாள். "போய் மொதல்ல சாப்பிடுங்கண்ணா."