நான் ஒளித்து வைத்த ஆஸ்பத்திரிச் சீட்டு

2006 தவக்காலத்தில் என் கணவர் அந்துவானுக்குப் பேச்சு குழறியது. நடை தள்ளாடியது. எதிரில் நிற்கிற ஆள் இரண்டாகத் தெரிகிறார் என்றார். நான் நம்பவில்லை. குடித்துவிட்டு மறைக்கிறார் என்று வாயை முகர்ந்து பார்த்தேன்.

"சத்தியமா குடிக்கல மர்கரீத்" என்று அழுதார்.

உப்பளம் என்கிற எங்கள் பகுதியில், வீட்டருகே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கையில் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு மூன்று நாள் ஊசி. படத்தில் மூளையின் பின்பக்கம் ரவை சிதறியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஒரு டாக்டர் புற்றுநோய் என்றார். இன்னொருவர் டிபி என்றார். யாரோ பொய் சொல்கிறார்கள். படமே மாறிவிட்டதோ?

அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படத்தை மட்டும் கொடுத்தேன். போட்ட ஊசிகளை எல்லாம் எழுதி சின்ன ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். இவர்கள் தாங்களாக என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று.

அங்கிருந்த டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "ஸ்கேனுக்காக ஏத்தின மருந்து சின்ன ரத்தக் குழாய்ங்களைச் சுத்திக் கசிஞ்சிருக்கும்மா. அதான் வெள்ளையாத் தெரியுது. ஏன் கசியுதுன்னு படம் சொல்லாது. வெள்ளிக்கிழமை மூளையிலருந்து துளி சதை எடுத்துப் பாக்கணும்."

"டாக்டருக்குப் படிக்கிற பசங்களுக்குக் காட்டவா என் புருஷன் மண்டைய?"

அவர் கோபப்படவில்லை. "எனக்கும் சந்தேகம்தாம்மா. அதனாலதான் எடுத்துப் பாக்கணும்ன்றேன்."

வியாழன் மத்தியானம் கோவிலில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, என்னை ஏமாத்துறது யாருன்னு காட்டும்."

குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி நெஞ்சில் குத்தியது: நீ எதை மறைத்தாய்? சீட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

சீட்டைப் படித்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்காங்களே! அதுல புற்றுநோய்கூடக் கொஞ்ச நாள் பதுங்கிக்கும். நாளைக்கு எடுத்திருந்தா ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கும். நாமளும் நம்பியிருப்போம். நல்ல வேளை, வந்து சொன்னீங்க."

ஊசியின் வேகம் தணியட்டும் என்று அறுவையைத் தள்ளிவைத்தார்கள். காத்திருந்த வாரங்களில் அந்துவானுக்குச் சோற்றை நான்தான் ஊட்டினேன். ஜெபமாலையை விடவில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்து, புள்ளிகள் தெளிவாகத் தெரிந்த பிறகே சதை எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. டிபி இல்லை. குழாய்களைச் சுற்றி அழற்சி மட்டும்தான். மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த படத்தில் புள்ளிகள் மங்கிப்போயிருந்தன. அந்துவான் என் பெயரைக் குழறாமல் கூப்பிட்டார். வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நோய் திரும்பவும் வரலாம் என்கிறார்கள்; ஸ்கேன் தொடர்கிறது. பயமும் இருக்கிறது. ஆனால் இப்போது டாக்டரம்மாவிடம் ஒன்றையும் மறைப்பதில்லை. அந்துவானிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அன்பான சகோதர சகோதரிகளே, நான் நல்ல ஜெபம் செய்யவில்லை. சந்தேகத்தோடு கேட்டேன். அதற்கும் ஆண்டவர் பதில் தந்தார். மனம் எப்படி இருக்கிறதோ அப்படியே போய் அவர்முன் நில்லுங்கள். அவர் துரத்தமாட்டார்.