கொளஞ்சியப்பர் காட்டிய சாம்பல் குருவி

முருகனை நம்பி வாழும் அன்பு நெஞ்சங்களே, விருத்தாசலத்திலிருந்து செல்வி எழுதுகிறேன். என் கையால், என் கண்ணால் பார்த்து எழுதுகிறேன். போன வருடம் ஆடியில் இந்த வரியை நான் கனவில்கூட நினைத்திருக்க மாட்டேன்.

செராமிக் பேட்டையில் ஒரு சின்ன பட்டறையில் பீங்கான் சாமான்களுக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. என் வீட்டுக்காரர் அங்கேயே சூளை பார்க்கிறார். எங்கள் நீல வண்ணம் ஒரு விசித்திரம். தீட்டும்போது வெறும் சாம்பல் நிறம்தான். சூளையில் வெந்து வெளியே வந்தால் நீலமாகிவிடும். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தச் சாம்பலைப் பார்த்தாலே எங்கள் மனசுக்குள் நீலம் ஓடும்.

தீட்டிக்கொண்டே கதை சொல்வேன். தட்டில் இருக்கும் குருவி சூளைக்குள் பறந்து போய் வானத்தின் நிறத்தை வாங்கி வந்தது என்பதுபோல ஏதாவது வாயில் வரும். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் மங்கலம்பேட்டை ஜெரினா விடவே இல்லை. "அக்கா, இத புக்கா போட்டே ஆவணும். நீங்க சொல்லிக்கிட்டே இருங்க, நான் போன்ல ஏத்திக்கிறேன்" என்றாள். பதிப்பகங்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்துக்கிடக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. நாமே போடுவோம் என்று இறங்கினேன்.

அப்போதுதான் என் கண்ணில் புகை படர்ந்தது.

முதலில் அது அழகாகக்கூட இருந்தது, சிரிக்காதீர்கள். மணிமுத்தாற்றுப் பாலத்தில் வருகிற ஜனங்கள் தரையில் கால் படாமல் மிதந்து வந்தார்கள். தெருவிளக்கு ஒவ்வொன்றும் பூவாக விரிந்தது. பிறகு முகங்கள் கரைந்தன. பிறகு எழுத்துகள். ஒரு நாள் கோப்பை விளிம்பில் தீட்ட வேண்டிய கோட்டை மேசையில் தீட்டிக்கொண்டிருந்தேன். ஜெரினா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

புதுச்சேரியில் டாக்டர், "ஆபரேஷன் செஞ்சு பார்க்கலாம்மா. எவ்வளவு தெரியும்னு இப்பவே சொல்ல முடியாது" என்றார். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அழுதேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று. என் புத்தகம் உலகத்துக்கு வரும், எல்லோரும் பார்ப்பார்கள், பெற்றவள் நான் மட்டும் பார்க்க மாட்டேன்.

மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்ற பெயரில் இருக்கும் முருகனிடம் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். நம் குறையைக் காகிதத்தில் எழுதி அவர் பாதத்தில் வைத்து, பிறகு முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். குறை தீர்ந்ததும் மறுபடி வந்து பிராதைத் திரும்பப் பெற வேண்டும். எங்கள் சாமிக்கு எல்லாம் முறைப்படிதான்.

நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் எழுதினார். "என் புத்தகத்தை உள்ளது உள்ளபடி என் கண்ணால் பார்க்க வேண்டும்" என்றேன்.

"கண்ணு நல்லாவணும்னு எழுதுனா போதாதா?"

"கேக்குறத தெளிவா கேக்கணுங்க. நான் சொன்னத அப்படியே எழுதுங்க."

அதற்குப் பிறகு பயம் போய்விடவில்லை. ஆனால் அதோடு உட்கார்ந்து வேலை செய்ய முடிந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஜெரினா பிழை பார்க்கும் தாள்களை வாய்விட்டுப் படிப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஒரு வாக்கியம் இடறினால் காதுக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, உள்ளே குருவிகள் பறந்தன. அந்த நாட்கள் நிஜமா, தூக்கமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

அட்டைப் படத்துக்கு ஒரு தட்டில் குருவி தீட்டினேன். கண் உதவவில்லை, கை மட்டும் வழி தெரிந்து போனது. "இந்த நீலம் அப்படியே அட்டை முழுக்க வரணும்" என்று வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் துணியில் சுற்றி அச்சகத்துக்கு எடுத்துப் போனார்.

கார்த்திகையில் ஆபரேஷன். கட்டுப் பிரிக்கிற அன்று வீட்டுக்காரர் என் மடியில் எதையோ வைத்தார். "புக்கு வந்துடுச்சு செல்வி. தட்டையும் புக்கையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன். கொஞ்சங்கூட மாறல. மொதல்ல இதத்தான் நீ பாக்கணும்."

மடியில் புது மையின் வாசனை. முருகா, முருகா என்று வாய் முணுமுணுத்தது. கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் குத்தியது. வெள்ளைச் சுவர், வெள்ளை உடுப்பில் நர்ஸம்மா, வீட்டுக்காரருடைய வெள்ளைச் சட்டை. குனிந்தேன். குருவியின் இறகுக் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. என் பெயர் தெரிந்தது. ஆனால் அட்டை சாம்பலாக இருந்தது. குருவியும் சாம்பல்.

கோடு திரும்பி வந்தது, நிறம் வரவில்லை. இனி தீட்டவும் முடியாது, எதுவும் முடியாது.

"என்னங்க, எனக்கு நீலம் தெரியலைங்க!" என்று கத்தினேன். அவர் நர்ஸம்மாவைக் கூப்பிட்டார்.

நர்ஸம்மா ஓடி வந்து புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதுல ஏதும்மா நீலம்? இது சாம்பல் கலருதான?"

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. "அய்யோ செல்வி, சூளைக்குப் போவாத தட்டையே குடுத்துட்டேன்! அச்சகத்துக்காரங்க பாவம், பாத்தது பாத்தபடி அடிச்சிருக்காங்க!"

கொடுத்தவள் நான், கொண்டுபோனவர் அவர். இரண்டு பேருக்குமே அது நீலமாகத்தான் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் சிரித்தோம். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. உள்ளது உள்ளபடி பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு சொல் குறையாமல் கொடுத்துவிட்டார் என் அப்பன்.

ஜெரினாவிடம் போனில் சொன்னேன். "நான் கேட்ட துவாவும் அதுல இருக்குது அக்கா, சாமிகிட்ட சொல்லிடுங்க" என்று அழுதாள். சொல்லிவிட்டேன்.

தை மாதம் கோயிலுக்குப் போய்ப் பிராதைத் திரும்பப் பெற்றேன். புத்தகத்தைப் பாதத்தில் வைத்து எடுத்தேன். மறுபடி பட்டறையில் தீட்டுகிறேன். முன்பெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே தீட்டுவேன், இப்போது ஒவ்வொரு கோட்டுக்கும் நன்றி சொல்கிறேன். இரண்டாவது கதைத் தொகுப்பும் வளர்கிறது.

உங்களுக்கும் ஒரு குறை இருக்கும். சுற்றி வளைக்காமல், ஒளிக்காமல் அவரிடம் எழுதிக் கொடுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிட மாட்டார்.

அட்டையை நீலமாக மாற்றி அடிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். மாட்டேன். இப்படியே இருக்கட்டும். புத்தகத்தைக் கையில் வாங்குகிறவர்கள், "என்னம்மா, அட்டை சாம்பலா இருக்குது?" என்கிறார்கள்.

ஆமாம், சாம்பல்தான். எனக்கு நன்றாகத் தெரிகிறது.