கஸ்பார் மாமாவின் வலது கால்

கஸ்பார் மாமா என் அம்மாவின் தம்பி. பழைய ஆம்னி வேன் ஒன்றில் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைப் பள்ளிக்கு ஆசிரியைகளை ஏற்றிப்போவார். மாலையில் அவர்களை இறக்கிக்கொண்டு வருவார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

போன ஜூலையில் மலை இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தார். மிதித்த கால் படபடவென்று நடுங்கியது. அடுத்த வளைவிலும் அப்படியே. காலை எடுத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் வண்டியைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். மாமா தன் காலைச் சந்தேகப்பட்டார். என் தாத்தா, அதாவது மாமாவின் அப்பா, லாரி ஓட்டியவர். அவருக்கு நடுக்குவாதம் வலது காலில்தான் தொடங்கியது. பிறகு கைக்கு ஏறியது. கடைசிக் காலத்தில் மாமாதான் அவருக்குக் கஞ்சி ஊட்டினார்.

பேகம்பூரில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் முகமது பாரூக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார்.

"என்ன செய்யுதுண்ணே?"

"பிரேக் போட்டா ஸ்டியரிங் ஆடுதுப்பா."

அது பொய். ஸ்டியரிங் ஆடவே இல்லை. கால் நடுங்குகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அது ஆசிரியைகள் காதுக்குப் போனால் யார் ஏறுவார்கள்?

"ஓட்டிப் பாத்துரவா?"

"நான்தான் தெனமும் ஓட்டுறேன்ல. நீ வேலையப் பாரு."

பாரூக் ஓட்டி, அவன் காலுக்கு ஒன்றும் தெரியாவிட்டால்? அந்தப் பயத்தில் சாவியைக்கூடக் கொடுக்கவில்லை. ஸ்டியரிங் ஆடினால் கோளாறு முன்சக்கரத்தில் என்று பாரூக் முன்பக்க பிரேக் டிஸ்க்குகளை மாற்றினான். மறுநாள் மலையில் கால் அதேபோல நடுங்கியது.

அதன்பிறகு இது அப்பாவின் நோய்தான் என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் நிறைந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு காப்பி அசைகிறதா என்று பார்த்தபடி இருப்பார்.

"அப்புடி உத்துப் பாக்குறீங்களே, உள்ள ஈ கெடக்கா?" என்றார் சகாயராணி அத்தை.

"ஒண்ணுமில்ல, சூடா இருக்கு."

பிரேக்குக்குப் பயந்து வண்டியை ஊர்ந்து ஊர்ந்து இறக்கினார். "கஸ்பாரண்ணே, நடந்து போறவுக நம்மள முந்துறாக," என்றார் பிரிஸ்கில்லா டீச்சர். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. ஒரு வளைவில் இந்தக் கால் கைவிட்டால் இத்தனை வீட்டுக்கும் யார் பதில் சொல்வது?

மலையடிவாரச் சரிவில், குகை போலக் கட்டிய ஒரு மாதா கெபி இருக்கிறது. தினமும் இறங்கியதும் அங்கே வண்டியை நிறுத்தி, மெழுகுதிரி ஏற்றி நன்றி சொல்வது மாமாவின் வழக்கம். அன்றைக்கு நன்றி சொல்லவில்லை. "மாதாவே, காலை மட்டும் விட்டுரும்மா. வேற எதை வேணும்னாலும் எடுத்துக்க," என்று அழுதார்.

சனிக்கிழமை பாரூக்கிடம் போனார். "வண்டிய வித்துக் குடுத்துருப்பா."

"புது டிஸ்க்கப் போட்டுட்டு விக்கிறேங்குறீங்க? ஏறுங்க, செத்த நேரம் சுத்திட்டு வருவோம்."

செம்பட்டி ரோட்டில் போக்குவரத்தில்லாத நேரான இடம் வந்தது. பாரூக் பிரேக்கை மிதிக்கச் சொன்னான். மாமா மிதிக்கவில்லை. வண்டி அதன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஏன் பயப்படுறீங்க?"

"கோளாறு வண்டியில இல்லப்பா. என் காலுல. எங்க அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு."

பாரூக் கை பிரேக்கின் பிடியில் கை வைத்தான். பிறகு, "கால எடுத்து ஓரமா வைங்க. எந்தப் பெடலையும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கை பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்தான். வேன் குலுங்கியது. சீட்டு அதிர்ந்தது, கதவு கடகடத்தது.

"இப்ப உங்க காலு எங்கண்ணே இருக்கு?"

"ஓரமா."

"அப்ப நடுங்குறது யாரு?"

மாமா வண்டியை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கை பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். அதனால் கோளாறு பின்சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மில் இருந்தது. கழற்றி அளந்தபோது அதன் வட்டம் கெட்டிருந்தது. கடைந்து சரிசெய்யலாம் என்றால், ஏற்கெனவே தேய்ந்து மெலிந்த டிரம்.

"மலை எறங்குனதும் எங்கயாச்சும் நிப்பீங்களா?"

"கெபியில. அது சரிவான எடமாச்சே, கை பிரேக்க நல்லா இழுத்துப் போட்டுட்டுப் போவேன்."

"டிரம்மு கொதிச்சுப்போய்க் கெடக்கும். அந்தச் சூட்டுல அமுக்கிப் புடிச்சா, ஆறும்போது கோணிக்கிரும். மாதாவுக்கு நன்றி சொல்லப் போன நேரத்துல வண்டி கழுத்த நெரிச்சு வச்சிருக்கீங்க. மொதல்லயே உள்ளதச் சொல்லியிருந்தா அந்த டிஸ்க்குக் காசு மிஞ்சியிருக்கும்ல?"

இரண்டு டிரம்மையும் புதிதாக மாட்டினார்கள்.

திங்கட்கிழமை மாலை முதல் வளைவில் மாமா மாதாவை நினைத்துக்கொண்டு பிரேக்கின் மேல் காலை வைத்தார். மிதித்தார். கால் அசையாமல் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அசையாமல் இருந்தது.

கெபி அருகில் கை பிரேக்கைத் தொடவில்லை. ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் கல்லை வைத்துவிட்டு மெழுகுதிரியைக் கொளுத்தினார். அவர் கையில் சுடர் கிடுகிடுவென்று ஆடியது.

"அண்ணே, கை ஏன் இப்புடி நடுங்குது?" என்றார் பக்கத்தில் வந்து நின்ற பிரிஸ்கில்லா டீச்சர்.

"அழுதா நடுங்கத்தான் செய்யும் டீச்சர்," என்றார் மாமா, கண்ணீரோடு சிரித்தபடி.