பதினான்காம் எண்காரியின் முழங்கால்

மைதானத்தை ஒட்டிய வண்டி நிறுத்தத்தில், மூன்றாவது வரிசையில் நிற்கும் வண்டிக்குப் பின்னால் குனிந்து, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் முத்திரையைப் படித்துக்கொண்டிருக்கிறாள் ரோண்டா ஸ்லிவின்ஸ்கி. இது தேவாலயத்துக்காரர்கள். அடுத்தது மீன்பிடிக் கிளப். அதற்கடுத்த வண்டியின் நசுங்கிய பம்பரே போதும், கோல்கீப்பரின் அப்பா வந்திருக்கிறார். மைதானத்தில் பெண்கள் ஓடி உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறார்கள். அவர்களுடைய பயிற்சியாளரோ கையில் காபியோடு, களவு போன வண்டியைத் தேடும் போலீஸ்காரி மாதிரி வரிசை வரிசையாக நடக்கிறாள்.

வயது ஐம்பத்தாறு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்குக் கிழக்கே, உருக்காலை மூடிய இடத்தில் கிடங்குகள் முளைத்திருக்கும் பகுதியில், ஓர் அரசுப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை. மாலையில் பெண்கள் லக்ராஸ் அணிக்குப் பயிற்சியாளர். நுனியில் வலை கட்டிய மட்டையில் பந்தை ஏந்தி ஓடி, எதிரணியின் கூண்டுக்குள் எறிகிற ஆட்டம் அது. நகரத்தின் வடக்கே பெரிய வீடுகளில் குழந்தை நடை பழகும்போதே கையில் மட்டை வந்துவிடும். ரோண்டாவிடம் வருகிறவர்கள் ஒன்பதாம் வகுப்பில்தான் அதை முதன்முதலாகத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

எல்லோரையும் 'கண்ணு' என்று கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். ரோண்டா அதைத் தன் விதத்தில் வைத்திருக்கிறாள். நம்புகிறவர்களைப் பெயர் சொல்லி அதட்டுவாள். 'கண்ணு' தேனாக வழிந்தால், எதிரே நிற்பவரைத் துளியும் நம்பவில்லை என்று அர்த்தம். நடுவர்கள் எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான். மழை வராது என்று அறிவித்தால் குடை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவள். பள்ளித் தாழ்வாரத்தில் முதல்வர் சிரித்தால், "எந்தச் செலவையோ வெட்டப் போறாரு, பாரு" என்பாள். பெரும்பாலும் வெட்டித்தான் இருப்பார்.

இந்தச் சந்தேகத்துக்கெல்லாம் ஊற்று வடக்கே இருக்கிறது. வேலியைக்கூடக் கருங்கல்லில் கட்டிய ஒரு தனியார் பள்ளி. அதன் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை, 'கல்சுவர்க்காரங்க', அவ்வளவுதான். இரண்டு வருடம் முன்பு, இந்தப் பக்கம் சும்மா வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்மணி பெட்டி நிறைய டோனட் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். கோடை முடிந்தபோது ரோண்டாவின் கோல்கீப்பர் பிரியானா கல்சுவர்க்காரர்களின் சட்டையில் நின்றாள். ஒரு வகுப்பு கீழே இறக்கிச் சேர்த்திருந்தார்கள். ஒரு வயது கூடினால் உடம்பும் கூடும், அணிக்கு ஆள் தேடி வரும் கல்லூரிக்காரர்களின் கண்ணிலும் படும். பட்டது. பிரியானாவுக்குப் பெரிய கல்லூரி ஒன்றில் இடம் உறுதியாகிவிட்டது. அவளுடைய அம்மா இப்போதும் நண்டுக்கடை வரிசையில் ரோண்டாவைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறாள்.

"அங்க இருக்கிற கோச்சும் காலேஜ் கோச்சும் ஒரே டீம்ல ஆடுனவங்க. ஒரு போன் போட்டா காரியம் முடிஞ்சுது. நான் போட்டா, யாரு பேசுறீங்கன்னு ரெண்டு தடவ கேப்பாங்க" என்று ஆசிரியர் அறையில் சொல்வாள். கல்லூரிக்காரர்கள் இந்த மைதானத்துக்கு வந்தாலும் எதிரணியைப் பார்க்கத்தான் வருவார்கள் என்பது அவள் கணிப்பு. அது அதிகம் தவறியதில்லை.

அதனால்தான் ஏப்ரலில் ஒரு நாள், வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றவளைக் கண்டதும் ரோண்டாவுக்கு முதுகு விறைத்தது. முப்பது வயதிருக்கும். தொப்பியில் எந்தக் கல்லூரியின் பெயரும் இல்லை. கண்கள் சட்டையில் பதினான்காம் எண் போட்டவளையே பின்தொடர்ந்தன. போதாக்குறைக்கு, அவள் வந்திறங்கிய வண்டியின் கண்ணாடியில் கல்சுவர்க்காரர்களின் முத்திரை ஒட்டியிருந்ததை ரோண்டா ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள்.

பதினான்காம் எண், யெசெனியா அர்கெட்டா. பதினோராம் வகுப்பு. அப்பா அம்மா எல் சல்வதோரிலிருந்து வந்தவர்கள். அம்மாவுக்கு பேக்கரியில் வேலை. பந்து மட்டைக்குள் விழுந்துவிட்டால் அந்தப் பெண்ணைப் பிடிக்க ஆளில்லை.

இடைவேளையில் ரோண்டா வேலியோரம் போனாள்.

"என்ன கண்ணு, வழி தப்பி வந்துட்டீங்களா?"

"இல்ல கோச். பேரு டெஸ். பென்சில்வேனியாவுல ஒரு சின்ன காலேஜ்ல துணைக் கோச். அந்தப் பதினாலு நல்லா ஆடுறா."

"ஆடுவா கண்ணு. என்ன பண்றது, வலது முட்டி போயிடுச்சு. இந்த வருஷத்தோட ஆட்டம் முடிஞ்சுது. குடும்பமும் டெக்சஸ் பக்கம் போகுதாம்."

அந்தப் பெண் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். யெசெனியா தண்ணீர் பாட்டிலோடு துள்ளிக்கொண்டிருந்தாள்.

"இப்பக்கூட நல்லாத்தான் ஓடுறா?"

"மாத்திரை" என்றாள் ரோண்டா.

டெஸ் நன்றி சொல்லிவிட்டு, ஆட்டம் முடியுமுன்பே போய்விட்டாள். ரோண்டா அன்று இரவு மீன் பொரித்துச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் பயிற்சிக்கு வந்த யெசெனியா மட்டையைக் கையில் எடுக்கவில்லை.

"கோச், என் முட்டிக்கு என்ன ஆச்சு?"

"எந்த முட்டி?"

"அதத்தான் நானும் கேக்குறேன். நேத்து ராத்திரி டெஸ் போன் பண்ணாங்க. முட்டி சரியானதும் சொல்லு, டெக்சஸ் போனாலும் மறக்காதன்னாங்க. எங்கம்மா பயந்துபோயி என் காலத் தடவித் தடவிப் பாக்குறாங்க."

"உன் நம்பர் அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் குடுத்தேன். ஆடுற வீடியோவெல்லாம் அனுப்பி, வந்து பாருங்கன்னு கூப்பிட்டதே நான்தான்."

"என்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா நம்புவீங்களா?"

ரோண்டா, டெஸ் வந்த வண்டியில் கல்சுவர்க்காரர்களின் முத்திரை இருந்ததையும், டோனட் பெட்டியையும், பிரியானாவையும் சொன்னாள். யெசெனியா குறுக்கிடாமல் கேட்டாள்.

"அவங்க கல்சுவர்க்காரங்களாவே இருந்தாலும், முடியாதுன்னு சொல்ல வேண்டியது நான்தான, கோச்? சரின்னும் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியல. நீங்க கேக்கவே இல்லையே."

அன்று பயிற்சி சீக்கிரம் முடிந்தது. காலி மைதானத்தில் கூண்டின் வலை கிழிந்த இடத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள் ரோண்டா. பிரியானா போனபோது தான் அழுதது அந்தப் பெண்ணுக்காகவா, கோல்கீப்பர் போய்விட்டாள் என்பதற்காகவா என்று யோசித்தாள். இவ்வளவு நாள் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை. முடிச்சு இறுகவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

பிறகு போன் செய்தாள். அப்போதும் யெசெனியா கொடுத்த எண்ணுக்கு அல்ல. யெசெனியா சொன்ன கல்லூரிப் பெயரை வைத்து அதன் பொது எண்ணைத் தானே தேடி எடுத்து, டெஸ் என்று யாராவது அங்கே இருக்கிறார்களா என்று விசாரித்து, இணைப்பு கொடுக்கச் சொன்னாள்.

"அந்த முட்டிக்கு ஒண்ணுமில்ல" என்றாள் எடுத்த எடுப்பில். "டெக்சஸும் பொய். நான்தான் சொன்னேன்."

டெஸ் சொன்னாள்: "தனியார் பள்ளிக் கோச்சுங்க யாரப் பத்திக் கேட்டாலும் நாட்டுக்கே ஆடப் பொறந்தவன்னுதான் சொல்வாங்க. சொந்த டீம் பொண்ண யாரும் இப்படிக் கொறச்சுச் சொல்லி நான் கேட்டதில்ல. அதனாலதான் நம்பிட்டேன்."

"அந்த முத்திரை எதுக்கு உங்க வண்டியில?"

"நான் படிச்ச பள்ளிக்கூடம்."

"பாத்தீங்களா" என்றாள் ரோண்டா.

"அங்கயும்தான் ஆள் தேடிப் போறேன், கோச். அங்க நல்லா ஆடுறவங்க பெரிய காலேஜுக்குக் காத்திருப்பாங்க. கடைசி வரைக்கும் எங்கள இழுத்தடிப்பாங்க. எனக்கு வரேன்னா வர்ற ஆளு வேணும். யெசெனியாவ விட வேகமானவங்க அங்க மூணு பேரு இருக்காங்க. அவங்க யாரும் எனக்கு வீடியோ அனுப்பல."

ரோண்டா போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள். கல்லூரிக்காரர் ஒருவர் தேன் தடவாமல் பேசி அவள் கேட்டது இதுவே முதல் தடவை. நம்பலாமா என்று யோசித்தாள். மூன்று பேர் வேகமானவர்கள் என்றதைத்தான் முதலில் நம்பினாள்.

மே மாதத்தில் டெஸ் மறுபடி வந்தாள். இந்த முறை கல்லூரியின் பெயர் போட்ட மேல்சட்டை. யெசெனியா முதல் பாதியில் இரண்டு முறை பந்தைக் கோட்டைவிட்டாள். இரண்டாம் பாதியில் நான்கு கோல் போட்டாள். அப்படியும் அணி தோற்றது. அம்மா பேக்கரிச் சீருடையோடு வந்து, ஆட்டம் முழுக்க மகளின் வலது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் டெஸ் மைதானத்துக்குள் இறங்கி வந்தாள்.

"கோச், நானும் யெசெனியாவும் கொஞ்சம் தனியா பேசலாமா?"

ரோண்டா யெசெனியாவைப் பார்த்தாள். அந்தப் பெண் தலையசைத்தாள்.

"அவகிட்டதான் கேக்கணும். அவ சரின்னுட்டா. பேசுங்க" என்று சொல்லிவிட்டு, ரோண்டா எட்ட நடந்து போய் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சிதறிக்கிடந்த பந்துகளைப் பைக்குள் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். விரிகுடாப் பக்கமிருந்து குளிர்காற்று வீசியது. இரண்டு பந்துகள் பொறுக்கியதும் நிமிர்ந்து, காதுகளை மூடி இறுக்கியிருந்த கம்பளிக் குல்லாயை ஒரு பக்கம் மட்டும் காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.