இல்லாத குழந்தைக்கு வாங்கிய கொலுசு

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பதெல்லாம் பேருக்குத்தான். பிழைப்பு ஓடுவது விண்ணப்பம் நிரப்புவதில். ஆதார் திருத்தம், பட்டா, முதியோர் உதவித்தொகை, பாஸ்போர்ட். நான் நிரப்பிய விண்ணப்பம் திரும்பி வந்ததே இல்லை என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொள்வேன். "உன்கிட்ட வுட்டா எமனுக்கே ஃபாரம் ரொப்பிக் குடுப்ப" என்பார் என் வீட்டுக்காரர். அப்போது அது எனக்குப் பாராட்டாகத்தான் பட்டது.

அவள் மயிலம் பக்கத்துக் கிராமத்துக்காரி. இருபத்தாறு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போனவன் போனவன்தான். ஒரு பெண் குழந்தையோடு தாய் வீட்டில் இருந்தாள். மல்லாட்டைக் கடலை பிடுங்கும் காலத்தில் வேலை உண்டு; மற்ற நாளில் யாராவது கூப்பிட்டால் உண்டு. வளைகுடாவில் வீட்டு வேலை இருக்கிறது என்று ஓர் ஏஜெண்டு ஆசை காட்டியிருந்தான். பாஸ்போர்ட்டுக்கு என்னிடம்தான் வந்தாள்.

சட்டம் எனக்குத் தெரியும். பத்தாவது தேறாதவர்கள் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். வீட்டு வேலை என்றால் முப்பது வயது நிறைந்த பெண்களுக்குத்தான் அதைத் தருவார்கள். அவள் எட்டாவதோடு நின்றவள். சொன்னேன். "நாலு வருஷம் எம்பொண்ணு பட்டினி கெடக்குமாக்கா?" என்று கேட்டாள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எடுத்து நிரப்பினேன்.

ஏஜெண்டு சுற்றுலா விசா வாங்கிக் கொடுத்துவிட்டான். அதை எடுத்துக்கொண்டு மறுபடி என்னிடம் வந்தாள். "ஏர்போட்டுல கேட்டா இன்னாக்கா சொல்றது? எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்த விதி எதற்காக இருக்கிறது என்று அவளை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். விவரம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஓர் இடத்தில் அடைத்தால் இன்னொரு வழியில் நுழைந்து காரியத்தை முடித்துக் கொடுப்பதுதான் என் கெட்டிக்காரத்தனம். அந்தத் திமிர் அன்றைக்கும் வேலை செய்தது.

மூன்று நாள் மத்தியானம் ஒத்திகை நடத்தினேன். மேசைக்கு இந்தப் பக்கம் நான் அதிகாரி, அந்தப் பக்கம் அவள்.

"எங்கம்மா போற?"

"எங்கக்கா வீட்டுக்குங்க. கொழந்தைக்குப் பேர் வைக்கிறாங்க."

முதல் நாள் சிரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் தரையைப் பார்த்தாள். மூன்றாம் நாள் என் கண்ணைப் பார்த்து, நானே நம்பும்படி சொன்னாள். அவளுக்கு அக்காவே கிடையாது. ஒரே பெண். அப்படியும் எனக்குத் திருப்தி வரவில்லை. எங்கள் பக்கத்தில் பேர் வைக்கிற விசேஷத்துக்குச் சித்தி வெறுங்கையோடு போவாளா? கடைத்தெருவுக்கு அழைத்துப் போய், மணி வைத்த கொலுசு ஒரு ஜோடி வாங்க வைத்தேன். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. "கைப்பையில மேலாப்புல வெச்சிக்கோ. சந்தேகப்பட்டா எடுத்துக் காட்டு" என்றேன்.

போய்ச் சேர்ந்தாள். ஒரு முறை பேசினாள். அப்புறம் போன் இல்லை.

ஐந்தாம் மாதம், பக்கத்து வீட்டு டிரைவர் ஒருவரின் போனிலிருந்து அம்மாவிடம் அழுதிருக்கிறாள். பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். ஒரே ஆள், மூன்று வீட்டு வேலை. வெளியே பூட்டு. அடி. அந்த அம்மா நேராக என் கடைக்குத்தான் ஓடி வந்தார். "நீதாம்மா எழுதித் தரணும், உன் கையெழுத்துக்கு வேல நடக்கும்" என்றார்.

கலெக்டருக்கு மனு அடிக்க உட்கார்ந்தேன். வேலைக்குப் போனாள் என்று எழுதினால், சுற்றுலா விசாவில் எப்படிப் போனாள் என்று கேட்பார்கள். நூல் பிடித்துக்கொண்டே வந்தால் என் மேசையில் முடியும். பயந்துவிட்டேன். "உறவினர் வீட்டு விசேஷத்துக்குச் சென்ற இடத்தில் சிக்கிக்கொண்டாள்" என்று அடித்துக் கொடுத்தேன். படிக்கத் தெரியாத அந்த அம்மா அதில் கைநாட்டு வைத்தார்.

ஒரு மாதம் பதில் இல்லை. ஒரு திங்கட்கிழமை நானும் கூடப் போனேன், விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு. மனுவைப் பார்த்த ஊழியர் சலித்துக்கொண்டார்.

"சொந்தக்காரங்க வீடுன்னு போட்டுக்கீது. எந்தச் சொந்தக்காரங்க? அட்ரஸ் குடுங்க, மொதல்ல அவங்களக் கேக்கலாம்."

"யாருங்க சொந்தக்காரங்க? வூட்டு வேலைக்குத்தாங்க போச்சி எம்பொண்ணு" என்று அந்த அம்மா திகைத்து என்னைப் பார்த்தார்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக, "டைப் அடிச்சதுல தப்பாயிடுச்சிங்க" என்றேன். தப்பாம்! வெளியே மரத்தடியில் இருந்த தட்டச்சுக்காரரிடம், ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்புகிற நான், வேறு மனு அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். வீட்டு வேலை, ஏஜெண்டு, சுற்றுலா விசா எல்லாம் சொன்னேன். என்னைத் தவிர எல்லாம்.

அந்த மனு ஓடியது. தூதரகம் வரைக்கும் போய், மூன்று மாதத்தில் அவள் வந்து சேர்ந்தாள்.

போன வாரம் கடைக்கு வந்தாள். ஏஜெண்டு மேல் புகார் கொடுக்க வேண்டும். வலது முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. எப்போது என்று கேட்டேன். டிரைவர் போனில் பேசியதைக் கண்டுபிடித்த பிறகு, வேலை பார்த்த வீட்டுக்காரி வைத்த சூடாம். எண்ணிப் பார்த்தேன். என் பொய் மனு விழுப்புரத்தில் சும்மா கிடந்த மாதம்.

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். விமான நிலையம் வந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்ற இடத்தில் என் விரல் நின்றது.

"அத வுடுங்கக்கா. உங்களுக்கு எதுக்குப் பேஜாரு? அங்க எம்பசியில விசாரிச்சப்பவும் உங்களச் சொல்லல" என்றாள்.

கைப்பையிலிருந்து அந்தக் கொலுசை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"ஏர்போட்டுல ஒரு அம்மா ரெண்டு தபா கேட்டாங்கக்கா. ஓரமா கூட்டிக்கினு போயி, 'பயப்படாம சொல்லும்மா, வேலைக்கா போற? நான் அனுப்ப மாட்டேன், பத்திரமா வூட்டுக்குப் போயிடலாம்'னாங்க. 'உங்கக்கா எப்டி இருப்பாங்க'ன்னு கேட்டாங்க. உங்களையே சொன்னேன். கண்ணாடி போட்டுக்கினு, லொடலொடன்னு பேசுவாங்கன்னு. இத கையில வாங்கிப் பாத்துட்டு, 'கொழந்த நல்லா இருக்கட்டும்'னு சொல்லிட்டு வுட்டுட்டாங்க."

கொலுசை என் பக்கமாக நகர்த்தினாள்.

"அந்தம்மா கேட்ட கேள்விக்கு நெசத்த சொல்லிடலாம்னுதான்க்கா இருந்துச்சி. வாய் வரைக்கும் வந்துடுச்சி. அப்பறம், மூணு நாளு நீங்க எம்மாம் கஷ்டப்பட்டு சொல்லிக் குடுத்தீங்க, அத கெடுத்துடக் கூடாதுன்னு நெனச்சிக்கினேன்."